"நோய் ஐயம்" என்ற காலிக் கட்டம்: பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்த ஆண்டு பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் மருத்துவன் அல்லன். அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் 31 ஆண்டுகள் ஆய்வக நுட்புநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நோயாளிகளின் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை; அவர்களுடைய ரத்தத்தையும், அதனுடன் வந்த சீட்டையும்தான் பார்த்திருக்கிறேன். நோயைக் கண்டறிவது பற்றி உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதி எனக்கு இல்லை என்று நீங்கள் நினைத்தால் அது நியாயமே. ஆனால் ஒரு நோயின் காரணத்தைத் தேடும் வழியில் மருத்துவரின் கையெழுத்து ஆய்வகத்துக்குள் நுழையும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் 31 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற ஒரே உரிமையில் இதை எழுதுகிறேன்.

பரிசோதனைச் சீட்டில் பெயர், வயது, வார்டு எண், கேட்கப்படும் பரிசோதனை ஆகியவற்றுக்கு நடுவே "நோய் ஐயம்" அல்லது "மருத்துவக் குறிப்பு" என்று ஒரு கட்டம் இருக்கும். நான் வாங்கிய சீட்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. எழுதப்பட்டிருந்தால் "ஃபீவர்" என்று ஒரு சொல் இருக்கும். காய்ச்சல் என்பது நோயாளி வாசலில் நுழையும்போதே சொன்ன சொல். அதற்குப் பிறகு மருத்துவர் என்ன கேட்டார், என்ன பார்த்தார், எதைச் சந்தேகித்தார் என்பதற்கு அந்தச் சீட்டில் ஒரு தடயமும் இருக்காது. இப்போது பல இடங்களில் கணினி வழியாகப் பரிசோதனைகளைப் பதிவு செய்கிறார்கள். அங்கும் அந்தக் கட்டம் இருக்கிறது. அங்கும் அது காலியாகத்தான் இருக்கிறது என்று என் பழைய சக ஊழியர்கள் சொல்கிறார்கள்.

இதைப் படிவம் நிரப்பும் ஒழுங்கைப் பற்றிய புலம்பலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வகம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வியே இல்லாமல் அனுப்பப்பட்ட ரத்தத்துக்கும் ஓர் எண் கிடைக்கும். அந்த எண் பல சமயம் பதிலைப் போலவே தோற்றமளிக்கும். என் கவலை அதைப் பற்றியதுதான்.

முதலில் நாள் கணக்கைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான டெங்கு மாதிரிகள் எங்களிடம் வந்து சேரும். டெங்குவில் வைரஸின் புரதமாகிய என்.எஸ்.1 காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்களில், ஏறத்தாழ ஐந்தாம் நாள் வரை, ரத்தத்தில் நன்றாகத் தெரியும்; பிறகு குறைந்துவிடும். கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளோ அதற்கு நேர்மாறாக, ஏறத்தாழ ஐந்தாம் நாளிலிருந்துதான் கண்டுகொள்ளும் அளவுக்கு உயரும். உயர்ந்தபின் இரண்டு மூன்று மாதங்கள்கூட நீடிக்கும். ஆகவே இரண்டாம் நாளில் எடுத்த ரத்தத்தில் ஐ.ஜி.எம். இல்லை என்பது டெங்கு இல்லை என்பதற்குச் சான்றாகாது. எட்டாம் நாளில் என்.எஸ்.1 இல்லை என்பதும் அப்படித்தான். முன்பே ஒரு முறை டெங்கு வந்தவருக்கு இரண்டாம் முறை வரும்போது என்.எஸ்.1 பிடிபடும் வாய்ப்பு இன்னும் குறைவு. ஐ.ஜி.எம். இருக்கிறது என்பதோ, இரண்டு மாதங்களுக்கு முன் வந்து போன டெங்குவின் மிச்சமாகவும் இருக்கலாம். இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். இவை எல்லாம் உங்கள் பாடநூலில் இருப்பவைதான். ஆனால் சீட்டில் "காய்ச்சல் 6-ஆம் நாள்" என்று இரண்டு சொற்கள் இல்லாவிட்டால், எந்தப் பரிசோதனை பொருந்தும் என்று ஆய்வகத்தில் இருப்பவருக்கும் தெரியாது, மாலையில் முடிவைப் பார்க்கும் அடுத்த முறைப்பணி மருத்துவருக்கும் தெரியாது. டெங்குவில் அபாயக் கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான், பெரும்பாலும் 3 முதல் 7-ஆம் நாளுக்குள், தொடங்குகிறது என்பதை நினைத்தால், அந்த நாள் எண் ஆய்வகத்தைவிட நோயாளிக்குத்தான் அதிகம் தேவை.

நாளைக் கேட்பது எளிய வேலை என்று தோன்றும். எளிதல்ல. "எத்தனை நாளா காய்ச்சல்?" என்று கேட்டால் "ஒரு வாரமா இருக்கும்" என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வாரம் என்பது மூன்று நாளாகவும் இருக்கும், பத்து நாளாகவும் இருக்கும். படுத்த நாளிலிருந்து எண்ணுவார்களே தவிர, உடம்பு கொதித்த முதல் இரவிலிருந்து எண்ணமாட்டார்கள். எங்கள் மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவின் மூத்த மருத்துவர் ஒருவர் நாளைக் கேட்கமாட்டார், நிகழ்ச்சியைக் கேட்பார். "போன சந்தைக்குப் போனீங்களா? அன்னைக்கு உடம்பு எப்படி இருந்தது? ரேஷன் வாங்கின அன்னைக்கு? நூறு நாள் வேலைக்குக் கடைசியா என்னைக்குப் போனீங்க?" என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கிக் கொண்டுபோவார். மூன்று கேள்விகளில் சரியான நாள் கிடைத்துவிடும். அந்தக் கடைசிக் கேள்வியில் இன்னொரு காரியமும் நடந்துவிடுகிறது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. நூறு நாள் வேலை என்றால் ஏரிக்கரையில் புதர் வெட்டுவது, வாய்க்கால் தூர்வாருவது. அதாவது அவர் எந்தப் புல்லில் உட்கார்ந்தார், எந்தத் தண்ணீரில் நின்றார் என்பதும் கேட்காமலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது விடால் பரிசோதனை. இதைப் பற்றி நான் கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையால் ஆயிரக்கணக்கில் செய்த பரிசோதனை இது, என் மனத்தை அதிகம் உறுத்துவதும் இதுதான்.

பிரெஞ்சு மருத்துவர் ஃபெர்னாண்ட் விடால் 1896-இல் அறிமுகப்படுத்திய முறை இது. டைஃபாய்டு வந்தவரின் ரத்த நிணநீர் (சீரம்), டைஃபாய்டு கிருமிகளைத் திரளச் செய்யும். நிணநீரை எந்த அளவு வரை நீர்த்தும் கிருமிகள் திரள்கின்றனவோ அந்த அளவு முடிவாக எழுதப்படும். 1-க்கு 80, 1-க்கு 160, 1-க்கு 320 என்று நாங்கள் எழுதிக்கொடுப்பது அந்தக் கணக்குத்தான். சரியாகச் செய்வதென்றால் காய்ச்சலின் தொடக்கத்தில் ஒன்றும் பத்துப் பதினான்கு நாள் கழித்து இன்னொன்றுமாக இரண்டு மாதிரிகள் எடுத்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் இரண்டாவது மாதிரி வந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பதினான்கு நாள்களுக்குள் நோயாளி குணமாகிப் போயிருப்பார், அல்லது வேறு மருத்துவமனைக்குப் போயிருப்பார்.

ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? காய்ச்சல் தொடங்கி ஏழெட்டு நாளாவது ஆகாமல் இந்த எதிர்ப்பொருள் உயராது. ஆகவே முதல் வாரத்தில் "இல்லை" என்ற முடிவுக்குப் பொருள் குறைவு. "இருக்கிறது" என்ற முடிவுக்கும் பொருள் குறைவே. டைஃபாய்டு நெடுங்காலமாகப் புழங்கும் ஊர்களில் எப்போதோ வந்த தொற்றின் எதிர்ப்பொருளும், முன்பு போட்ட தடுப்பூசியின் எதிர்ப்பொருளும் ரத்தத்தில் கிடக்கும்; மலேரியா போன்ற வேறு காய்ச்சல்களிலும் இது உயர்ந்து காட்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இது வெறும் எடுத்துக்காட்டு. எந்த மருத்துவமனையின் புள்ளிவிவரமும் அல்ல. காய்ச்சலோடு வந்த 1,000 பேரில் 20 பேருக்குத்தான் உண்மையில் டைஃபாய்டு என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த 20 பேரில் 14 பேரைப் பிடிக்கிறது. டைஃபாய்டு இல்லாத 980 பேரில் பத்தில் ஒருவருக்கு, அதாவது 98 பேருக்கு, தவறாக "இருக்கிறது" என்று காட்டுகிறது. ஆக 112 சீட்டுகளில் "இருக்கிறது" என்று எழுதி அனுப்புவோம். அவற்றில் 14 சரி. எட்டில் ஒன்று. மற்ற ஏழு பேரும் தமக்கு இல்லாத நோய்க்கு மருந்து சாப்பிடுவார்கள். இருக்கிற நோய் அதற்குள் வளரும்.

இப்போது அதே மருந்துக்குப்பியை, அதே கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு வேறு விதமாகச் செய்வோம். மருத்துவர் எல்லோருக்கும் விடால் எழுதாமல், படிப்படியாக ஏறும் காய்ச்சல், ஒரு வாரம் கடந்தது, வயிற்றுக் கோளாறு, வெளியில் சாப்பிட்ட பழக்கம், வேறு காரணம் எதுவும் தெரியவில்லை என்று கேட்டும் பார்த்தும் தேர்ந்தெடுத்த 100 பேருக்கு மட்டும் எழுதுகிறார். அந்த 100 பேரில் 40 பேருக்கு டைஃபாய்டு இருப்பதாக வைத்துக்கொண்டால், பரிசோதனை அவர்களில் 28 பேரைப் பிடிக்கும். மீதி 60 பேரில் 6 பேருக்குத் தவறாகக் காட்டும். 34 சீட்டுகளில் 28 சரி. பரிசோதனை மாறவில்லை, நானும் மாறவில்லை. ரத்தம் எடுப்பதற்கு முன் ஒருவர் நோயாளியோடு பேசினார் என்பது மட்டுமே மாறியது. ஆய்வகத்தின் துல்லியம் ஆய்வகத்துக்கு வெளியே, உங்கள் மேசையில்தான் தொடங்குகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

டைஃபாய்டை உறுதிசெய்ய வேண்டுமானால் ரத்தத்தைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்புவதே முறை. அதுவும் முதல் வாரத்தில், பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தமாக, ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன். அப்படியும் அது எல்லோரையும் பிடிப்பதில்லை. ஐந்தில் மூன்று பேரைப் பிடித்தாலே நல்ல முடிவு. ஆனால் எங்களிடம் வந்த குப்பிகளில் 2 மில்லி, 3 மில்லிதான் இருக்கும்; ஊசி மருந்து மூன்று நாள் ஏறிய பிறகு எடுத்ததாக இருக்கும். கிருமி வளரவில்லை என்று எழுதி அனுப்புவோம். அதைப் பார்த்து டைஃபாய்டு இல்லை என்று முடிவு செய்வார்கள். வளராததற்குக் காரணம் மருந்தா, அளவா, நோயே இல்லையா என்பதைச் சொல்ல எங்களிடம் எதுவும் இருக்காது. நோயாளியிடம் "மருந்து ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்ததுதான் அவர்களுக்கு மருந்து. "மெடிக்கல்ல ஏதாவது மாத்திரை வாங்கினீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், முந்தானை முடிச்சிலிருந்து அரை அட்டை மாத்திரை வெளியே வரும்.

என் வீட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் என் அண்ணிக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது அவருக்கு 52 வயது. இரண்டு கறவை மாடுகள் வைத்திருந்தார். தினமும் ஏரிக்கரையில் புல் அறுத்து வருவார். பக்கத்துச் சிறுநகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினார்கள். விடால் 1-க்கு 160. டைஃபாய்டு என்று சொல்லி ஐந்து நாள் ஊசி போட்டார்கள். என் அண்ணன் அந்த முடிவை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினார். ஆய்வகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் அனுபவம் உள்ள நான், விடாலின் குறைகளைப் பற்றி மேலே எழுதிய எல்லாவற்றையும் அறிந்த நான், "160 இருக்குன்னா டைஃபாய்டுதான், ஊசி போடட்டும்" என்று சொன்னேன். எண் கையில் கிடைத்ததும் கேள்வி ஓடிப்போய்விடுகிறது. எனக்கே அப்படித்தான் ஆயிற்று.

ஐந்தாம் நாள் காய்ச்சல் குறையவில்லை. ஆறாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கியது. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஈரல் நொதிகள் உயர்ந்திருந்தன, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. மீண்டும் ஒரு கட்டுச் சீட்டுகள். அன்றிரவு அண்ணிக்கு ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்ட செவிலியர், இடது மார்பின் அடிமடிப்பில் மிளகளவு கரிய பொருக்கு ஒன்றைப் பார்த்து, மறைவுத் திரைக்கு வெளியே இருந்த பணி மருத்துவரை உடனே அழைத்தார். சிகரெட்டால் சுட்டது போல, நடுவில் கருத்து ஓரம் சிவந்த புண். ஸ்க்ரப் டைபஸ். அன்றிரவே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. மூச்சு சீராக ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. பிறகு அண்ணியிடம் "அந்தப் புண் முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் தம்பி. வலிக்கவும் இல்ல, அரிக்கவும் இல்ல. சூட்டுக் கொப்புளம்னு விட்டுட்டேன். யாரும் கேக்கல" என்றார்.

ஸ்க்ரப் டைபஸைச் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. அந்தப் பெயர் நோயைக் கண்டுபிடிக்க உதவாது என்பது என் கருத்து. உண்ணி என்றால் நம் மக்கள் மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய உண்ணியைத்தான் நினைப்பார்கள். "உண்ணி கடிச்சுதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், அதுவும் உண்மைதான். இந்தக் காய்ச்சலுக்குக் காரணமான ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற கிருமியைப் பரப்புவது, புல்லிலும் புதரிலும் வாழும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம்புழு. அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கண்ணுக்குப் புலப்படாது, கடித்ததும் தெரியாது. கடித்து ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்துத்தான் காய்ச்சல் வரும். ஆகவே கேட்க வேண்டியது உண்ணியைப் பற்றி அல்ல. புல் அறுத்தாரா, விறகு பொறுக்கினாரா, வயல் வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டாரா, வீட்டைச் சுற்றிப் புதர் மண்டிக் கிடக்கிறதா என்பதைத்தான். எங்கள் வட மாவட்டங்களில் மழை ஓய்ந்த குளிர் மாதங்களில் இந்தக் காய்ச்சல் கூடும் என்பது அங்கு வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

இந்தக் கிருமி, உயிரணுவுக்குள் மட்டுமே பெருகுவது. எங்கள் வழக்கமான கிருமி வளர்ப்புக் குப்பியில் எத்தனை நாள் வைத்தாலும் வளராது. என் அண்ணிக்குப் போட்டது போன்ற செஃப்ட்ரியாக்ஸோன் ஊசிக்கு அது கட்டுப்படாது. எங்களிடம் நெடுங்காலம் இருந்த வைல்-ஃபெலிக்ஸ் பரிசோதனையோ, வேறொரு கிருமியாகிய புரோட்டியஸை நிணநீர் திரளச் செய்கிறதா என்று சுற்றுவழியில் பார்ப்பது. 1916-இல் வந்த அந்த முறை பலரைத் தவறவிடும். இப்போது இந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளையே தேடும் ஐ.ஜி.எம். எலைசா முறை இருக்கிறது. அதுவும் காய்ச்சலின் முதல் சில நாள்களில் காட்டாமல் போகலாம். ஆனால் அந்தக் கரிய பொருக்கைக் கண்டுவிட்டால் எந்தக் கருவிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லா நோயாளிகளுக்கும் அது இருப்பதில்லை. இருப்பவர்களிடமும் தேடியவர்களுக்குத்தான் அகப்படும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிமடிப்பு, பாவாடை நாடாவும் அரைஞாண் கயிறும் அழுந்தும் இடம், பிட்டம், காதின் பின்புறம், தலைமுடிக்குள் எனத் துணியும் மடிப்பும் மூடும் இடங்களில்தான் அது பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.

அங்கேதான் நம் நடைமுறை இடறுகிறது. புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்கும் பெண்ணைப் புடவையோடு நாற்காலியில் உட்காரவைத்து, ரவிக்கைக்கு மேலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்து அனுப்பிவிடுகிறோம். திரை இல்லை, துணைக்கு ஒரு செவிலியர் இல்லை, நேரமும் இல்லை. நோயாளிக்கும் கூச்சம், இளம் மருத்துவருக்கும் கூச்சம். இதன் விளைவு என்னவென்றால், புல் அறுப்பதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலையாக இருக்க, அவர்களுடைய உடம்பில்தான் தேடல் மிகக் குறைவாக நடக்கிறது. பயிற்சி மருத்துவரான உங்களால் கட்டடத்தை மாற்ற முடியாது. ஆனால் வார்டில் சேர்ந்த ஒவ்வொரு காய்ச்சல்காரரையும் சேர்ந்த அன்றே, திரை போட்டு, பெண்களானால் பெண் மருத்துவரோ செவிலியரோ துணையாக இருக்க, தலை முதல் கால் வரை ஒரு முறை பார்ப்பது உங்கள் கைக்கு எட்டிய காரியம். செவிலியர்களிடம் கேளுங்கள், நோயாளியின் உடம்பை முழுதாகப் பார்ப்பவர்கள் பல வார்டுகளில் அவர்கள் மட்டும்தான்.

2023-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் கடுமையான ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளிடம் நடத்தப்பட்டது. டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியாகக் கொடுப்பது, ஏதேனும் ஒன்றைத் தனியாகக் கொடுப்பதைவிட நல்ல பலன் தந்ததாக அது காட்டியது. வேலூரின் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய வேலை அது, நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த இரண்டு மருந்துகளும் விலை குறைந்தவை, எங்கும் கிடைப்பவை. தட்டுப்பாடு மருந்தில் இல்லை.

இதுவரை உங்களைப் பற்றியே எழுதிவிட்டேன். ஆய்வகத்தின் குற்றத்தையும் எழுத வேண்டும். காலிக் கட்டத்தோடு வந்த சீட்டு ஒன்றைக்கூட நாங்கள் திருப்பி அனுப்பியதில்லை. "மாதிரி போதாது", "ரத்தம் உறைந்துவிட்டது" என்று திருப்பியிருக்கிறோமே தவிர, "கேள்வி இல்லை" என்று திருப்பியதில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பரிசோதனைகள் என்று மாதாந்திர அறிக்கையில் கணக்குக் காட்டுவதே எங்களுக்கு வேலையாகிவிட்டது. விடால் முடிவின் கீழே "ஒற்றை மாதிரி, இதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்" என்று ஒரு வரி அச்சிட்டிருக்கலாம். செய்யவில்லை.

எங்கள் கருவிகளும் ஏமாற்றும். ஒரு முறை 19 வயதுக் கல்லூரி மாணவியின் தட்டணு எண்ணிக்கை 22,000 என்று கருவி காட்டியது. வார்டில் தட்டணு ஏற்றுவதற்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அந்த வார்டின் பயிற்சி மருத்துவர் ஒருவர், மாடியிலிருந்து இறங்கி எங்கள் சன்னலுக்கு வந்து, "அந்தப் பொண்ணு நல்லா சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருக்கு, ஒரு புள்ளி ரத்தக்கசிவு இல்ல, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆச்சு, இந்த எண் எனக்குப் பொருந்தல" என்றார். ரத்தப்பூச்சு ஒன்று போட்டு நுண்ணோக்கியில் பார்த்தேன். தகட்டின் ஓரத்தில் தட்டணுக்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டு கிடந்தன. ஊதா மூடிக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற உறைதடுப்பு மருந்து சிலருடைய ரத்தத்தில் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். கருவி கொத்தைத் தட்டணுவாக எண்ணாது. சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது 1,90,000. அந்த மாணவிக்குத் தட்டணு ஏற்றாமல் விட்டது நுண்ணோக்கியால் அல்ல. எண்ணையும் ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒட்டவில்லை என்று ஒருவர் படியிறங்கி வந்ததால்.

அப்படி வந்தவர்கள் என் பணிக்காலத்தில் மிகச் சிலர். ஆய்வகத்துக்கு வருவதை மருத்துவர்கள் கௌரவக் குறைவாக நினைத்தார்களா, நாங்கள்தான் சன்னலை அப்படி வைத்திருந்தோமா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் இருந்திருக்கும். எடுக்கும்போதே சிவப்பணுக்கள் உடைந்துபோன மாதிரியில் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து காட்டும். சாதாரணக் குழாயில் எடுத்து இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்த ரத்தத்தில் சர்க்கரை தானாகவே குறைந்திருக்கும். மலேரியாவுக்கு ஒரு முறை பூச்சில் ஒட்டுண்ணி தெரியவில்லை என்றால் போதாது, இரண்டு மூன்று முறை பார்க்க வேண்டும். ஆளோடு ஒட்டாத எண் வரும்போது இவற்றில் எது நடந்திருக்கும் என்று சொல்ல எங்களால் முடியும். யாராவது கேட்க வேண்டும்.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. 24 மணி நேரம், சில நாள் அதற்கும் மேல் நின்று பார்க்கும் வேலை. ரத்தம் எடுப்பதும், அதை ஆய்வகத்துக்குச் சுமந்து வருவதும், முடிவை வாங்கி ஒட்டுவதும் உங்கள் தலையில்தான் விழுகிறது. பெரிய மருத்துவர் சுற்றில் வரும்போது "விடால் அனுப்பியாச்சா, டெங்கு அனுப்பியாச்சா?" என்று கேட்பார், "எதற்காக அனுப்பினாய்?" என்று கேட்பவர் அரிது. கேட்கப்படாத கேள்விக்கு யாரும் விடை தயாரிப்பதில்லை. ஆகவே எல்லாச் சீட்டுகளையும் உடனே மாற்றிவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. நாளைக் காலை நீங்கள் எழுதப்போகும் காய்ச்சல் சீட்டுகளில் முதல் பத்தில் மட்டும் அந்தக் கட்டத்தை நிரப்பிப் பாருங்கள். காய்ச்சலின் நாள் எண், நோயாளியின் வேலை, ஏற்கெனவே சாப்பிட்ட மருந்து, உடம்பில் கண்டது, நீங்கள் சந்தேகிப்பது. எழுதும்போது இவற்றில் ஏதாவது ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று கண்டால், சீட்டைக் கீழே வைத்துவிட்டு நோயாளியிடம் திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். சில சமயம் பரிசோதனையே தேவையில்லை என்றாகிவிடும், சில சமயம் வேறு பரிசோதனை என்றாகும்.

என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டில் அப்படி ஒரு சீட்டு வந்தது. இப்போது ஆய்வகத்தில் வேலை கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக் காட்டுகிறேன். கட்டத்துக்குள் இடம் போதாமல் சீட்டின் ஓரத்தில் வளைத்து எழுதியிருந்தார்கள்: "காய்ச்சல் 8-ஆம் நாள். மணிலா (நிலக்கடலை) பிடுங்கும் வேலை. வெளியில் செஃப்ட்ரியாக்ஸோன் 3 நாள், பலன் இல்லை. வலது அக்குளில் கரிய பொருக்கு. ஸ்க்ரப் டைபஸ் ஐயம்; டாக்சிசைக்ளின் தொடங்கியாயிற்று. ஐ.ஜி.எம். எலைசா மட்டும் வேண்டும். விடால் வேண்டாம்."

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓர் ஆய்வக நுட்புநர்